மேலே பார்த்தவள்

— அதான் சொல்றேன் டீச்சரம்மா, இந்த வாட்டியாச்சும் கொஞ்சம் கம்முனு இருங்க. போன பார்ட்டிக்கு ஊட்ட சுத்திக் காட்டுங்கன்னா நீங்க பாடம் எடுத்தீங்க.

— அவர் கேட்டதுக்குத்தானே பதில் சொன்னேன், மோகன்ராஜ்?

— கதவு ஏன் டைட்டா இருக்குன்னு கேட்டாரு. மழைக்கு ஊதியிருக்கு, தை பொறந்தா சரியாயிடும்னு ஒரு வரில முடிச்சிருக்கலாம். நீங்க மரம் எப்டி ஈரத்த உறிஞ்சுதுன்னு ஆரம்பிச்சீங்க. அவரு பொண்டாட்டி கார்ல போய் உக்காந்துக்கிச்சு.

— தெரிஞ்சுண்டு வாங்கினா நல்லதுதானே? நூறு வருஷத்துக்கு மேல ஆன வீடு. எது எப்படி வேலை செய்யறதுன்னு தெரியாதவா முதல் விரிசலுக்கே சிமெண்டை அப்பிடுவா. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடற சுவர். மேலே சிமெண்டைப் பூசினா உள்ளே போன ஈரம் வெளியே வர வழி இல்லாம...

— தோ, ஆரம்பிச்சிட்டீங்க. அதுக்கு முந்தின பார்ட்டிகிட்ட, கிழக்கால ரூம்ல காத்தால கூரைல வெளிச்சம் ஆடும்னு சொன்னீங்க. பேய் ஊடுன்னு ஓடியே பூட்டாங்க.

— பேயாவது! அது தொட்டித் தண்ணியில படற வெய்யில்டா.

— எனக்கு எதுக்கும்மா சொல்றீங்க? ஒரு வருசமா கேட்டுக்கினு இருக்கேன், எனக்கு மனப்பாடம். உங்க தம்பி சாயங்காலம் போன் பண்ணுவாருல்ல?

— பண்ணுவான். இன்னிக்கும் ஆள் அமையலைன்னா அந்த மர வியாபாரிக்கே முடிச்சுடலாம்னு ரகுராம் சொல்லிட்டான். அவனுக்கும் பாதி பாத்தியதை இருக்கு, ஒரு வருஷம் எனக்காகப் பொறுத்துண்டான். அவன் மேல தப்பு சொல்ல மாட்டேன்.

— அந்தாளு இன்னா செய்வாருன்னு தெரியும்ல?

— உத்தரத்தை உருவிடுவார், தூணைப் பெயர்த்து லாரியில ஏத்துவார். எங்கேயோ கடலோரமா ரிசார்ட் கட்டறாளாம், அங்கே போயிடும். மிச்சத்தை இடிச்சு மனை போட்டு விப்பார். எனக்கு இந்த வீட்டை விட்டுப் போறதுல ஒரு வருத்தமும் இல்லை, மோகன்ராஜ். வேப்பம்பட்டு ஃப்ளாட் எனக்குப் பிடிச்சிருக்கு. அந்த லிஃப்ட் கரண்ட் போனா எப்படி நடுவுல நிக்காம அடுத்த மாடிக்குப் போய் நிக்கறதுன்னு வாட்ச்மேன்கிட்ட கேட்டுண்டிருக்கேன்.

— அந்தாளு லீவு போட்டுட்டாரா?

— சிரிக்காதே. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. இந்த வீட்டுல யாராவது குடியிருக்கணும். ஜன்னலைத் திறக்கணும், மூடணும். நன்னா வேலை செய்யற பொருளைப் பிரிச்சுப் போட்டா எனக்கு ஆறாது.

— இருக்கறவங்களத்தான் கூட்டியாறேன்.

— எங்கே? நீ அழைச்சுண்டு வர்றவா பாதிப் பேர் மரத்துக்குத்தான் வர்றா. எனக்கு இப்போ பாத்தாலே தெரியறது. நுழைஞ்சதும் தரையைப் பாத்தா குடி வர்றவா. தளிகை எங்கே பண்றது, தண்ணி எங்கேன்னு கேட்பா. மேலே பாத்தா மரத்துக்கு வந்தவா.

— ரூலே போட்டுட்டீங்களா!

— இது வரைக்கும் தப்பினதில்லை.

— சரி, இப்ப வர்ற அம்மா பேரு சின்னப்பொண்ணு. எளாவூரு பக்கம். நெல்லு வெளையற பூமி இருந்துச்சு, கம்பெனிக்காரங்க வாங்கிக்கினாங்க. இப்ப கவரப்பேட்டைல வாடகைக்கு இருக்காங்க. டப்பு கைல ரெடியா இருக்கு, சொந்தமா ஊடு வேணும்னு நிக்கறாங்க. தோ, கேட்டாண்ட வந்துட்டாங்க. வாங்கம்மா, வாங்க! செருப்ப அங்கியே வுடுங்க.

— வர்றேன் நைனா. இதுதான் வெள்ளக்காரன் கட்ன ஊடா? யம்மாடி, இன்னா ஒசரம்!

— பாத்தியா மோகன்ராஜ்? வாசப்படி தாண்டலை, மேலே பாத்தாச்சு.

— மெதுவா பேசுங்க, காதுல உழுந்துடப் போவுது. அம்மா, இவங்கதான் ஓனரு, கோதைநாயகி டீச்சரு.

— கும்புடறேன் ஐயரம்மா.

— ஐயங்கார். பரவாயில்லை, வாங்கோ. ஜலம் குடிக்கறேளா?

— அப்பறமா குடிக்கிறேன்மா. மொதல்ல ஊட்டப் பாத்துடறேன். இந்தக் கூரை மழைக்கு ஒழுவுமா?

— டீச்சரம்மா, ஒரே வரி.

— ஒழுகாது.

— ஏன்மா ஒழுவாது?

— கேட்டுட்டாளே மோகன்ராஜ், நான் என்ன பண்ணட்டும்? இப்படி நடுவுல வந்து நில்லுங்கோ. பெரிசா போறதே, அது தேக்கு உத்தரம். அதுக்குக் குறுக்கே சின்னச் சின்னக் கட்டை. அந்தக் கட்டைக்கு மேலே சன்னமான செங்கல் தெரியறதா? படுக்க வைக்காம, விளிம்பு மேல நிறுத்தி, சாய்வா அடுக்கியிருக்கா. சுண்ணாம்பு அதைக் கவ்விண்டிருக்கு.

— தெரியுது, தெரியுது.

— அதுக்கு மேலே உடைச்ச செங்கலும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணியைத் தெளிச்சு, பொம்மனாட்டிகள் வரிசையா உட்கார்ந்து கட்டையால தட்டியிருக்கா. தட்டத் தட்ட உள்ளே இருக்கற காத்து வெளியே போகும். காத்து இருந்த ஓட்டை மூடிக்கும். ஓட்டையே இல்லைன்னா தண்ணி எந்த வழியா இறங்கும்?

— நாத்து நட்ட மாதிரி இருக்குதும்மா.

— எது?

— அந்தக் கல்லுங்கதான். வரப்பு வரப்பா அந்தக் கட்டைங்க, நடுவுல வரிசையா பயிரு. காத்தடிச்சா எல்லாம் ஒரே பக்கமா சாஞ்சுக்கினு நிக்குமே, அப்டியே இருக்குது.

— அட! பொறந்ததுலேர்ந்து பாக்கறேன், எனக்குத் தோணலையே.

— மேல இருந்து எதுனா உதிருமாம்மா? மண்ணு, சுண்ணாம்பு, கட்டயில இருந்து தூளு?

— கரையான் கேக்கறேளா? கரையான் தொட்டதில்லை. பர்மா தேக்கு.

— ஆவட்டும். பல்லி?

— பல்லியா? இருக்கும், வீடுன்னா பல்லி இருக்காதா? ஏன், போனைத் தரையில வைக்கறேளே, மிதிபடப் போறது.

— கையி வலிக்குதும்மா. இங்கியே கொஞ்ச நேரம் இருக்கட்டும்.

— மோகன்ராஜ், இப்படி வா. அந்த போனைப் பாத்தியா? மல்லாத்தி வெச்சிருக்கா. கேமரா எந்தப் பக்கம் பாக்கறது?

— மேல பாக்குது.

— உத்தரத்தைப் படம் பிடிச்சு யாருக்கோ அனுப்பறா.

— உங்களுக்கு ரொம்ப சந்தேகம் டீச்சரம்மா. பாவம், வெவசாயக் குடும்பம்.

— அம்மா, இது இன்னா செவுத்துல பொந்து? சாமி வெச்சிருக்கீங்க?

— தோ, இதுக்கு ஒரு அரை மணி நேரம் ஆவும்.

— நீ வெளியில போய் டீ குடிச்சுட்டு வாயேன், மோகன்ராஜ். அது குளிர்காயற அடுப்பு, அம்மா.

— இந்த ஊர் வெயிலுக்கா?

— அதைச் சொல்லுங்கோ! கட்டினவர் ரயில்வே இஞ்சினியர் துரை. சீமையிலேர்ந்து படம் வந்ததாம். படத்துல அடுப்பு இருந்தது, கொத்தனார் அப்படியே கட்டிட்டார். ஒரு விறகு கூட எரிஞ்சதில்லை. எங்க கொள்ளுத்தாத்தா வீட்டை வாங்கினப்போ, இவ்வளவு அழகா ஒரு மாடம் சும்மா கிடக்கேன்னு பெருமாளை அங்கே ஏளப்பண்ணிட்டார். சாம்பிராணி போட்டா கண் எரியாது, புகை நேரா மேலே போயிடும். கையை இப்படி நீட்டுங்கோ.

— இழுக்குது!

— இழுக்கறதா? அந்தப் புகைக்கூண்டு மொட்டை மாடிக்கு மேலே நிக்கறது. வெய்யில்ல சுடும். சுட்ட காத்து லேசு, மேலே ஏறிடும். அது போன இடத்தை நிரப்ப, தோட்டத்து ஜன்னல் வழியா மர நிழல்ல இருக்கற காத்து உள்ளே வரும். குளிருக்குக் கட்டினது, வெய்யிலுக்கு வேலை செய்யறது. வெய்யில் ஏற ஏற ஜாஸ்தியா இழுக்கும்.

— மத்தியானத்துலயுமா?

— மத்தியானத்துலதான் ரொம்ப.

— கரண்ட் இல்லாட்டியும்?

— கரண்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

— படுத்தா தெரியுமாம்மா அந்தக் காத்து?

— படுத்தாவா? தாழ்வான ஜன்னல், தரையோரமா வரும். நன்னாத் தெரியும். இந்தப் பக்கம் வாங்கோ, அடுத்த உள்ளைப் பாக்கலாம்.

— உள்ளதானேம்மா இருக்கோம்?

— அவங்க ரூமச் சொல்றாங்கம்மா.

— எங்காத்துல ரூமுக்கு உள்னுதான் சொல்லுவோம். நீங்க சிரிக்கறேள், இந்த ஊர் பேரே அதுதான். சாலிஹோத்ரர்னு ஒரு ரிஷி இங்கே விரதம் இருந்தார். விரதம் முடிஞ்சு வாயில வைக்கப் போறப்போ, ஒரு கிழவர் பசிக்கறதுன்னு வந்து நின்னார். இருந்த மாவை ரிஷி கொடுத்துட்டார். கிழவர் வயிறு நிறையச் சாப்பிட்டுட்டு, எனக்குப் படுக்கணும், எந்த உள்ளுனு கேட்டாராம். இருந்ததே ஒரே உள். ரிஷி தான் படுக்கற இடத்தையே காட்டினார். படுத்தவர் பெருமாள். எவ்வுள்னா எந்த உள். திரு எவ்வுள், அதுதான் தேஞ்சு திருவள்ளூர்.

— ஒரு நைட்டு தங்கறேன்னு வந்து காலியே பண்ணாத பார்ட்டி!

— வாயைக் கழுவுடா.

— நானு அமாவாசைக்கு அமாவாசை கோயிலுக்கு வந்துக்கினுதான்மா இருக்கேன். கொளத்துல வெல்லம் கரைக்கிறேன். இந்தக் கத எனக்குத் தெரியாதே.

— வெல்லம் கரைக்கறேளா? உடம்புக்கு முடியாதவாதான் வேண்டிப்பா. உங்களுக்கு என்ன உடம்பு?

— எனக்கு ஒண்ணியும் இல்லம்மா. நல்லாத்தான் இருக்கேன்.

— இப்போ யார் இருமினா?

— நான் இல்ல டீச்சரம்மா.

— பொறாவா இருக்கும்மா.

— புறா இருமுமா?

— அத்த வுடுங்க. அம்மா, இன்னொண்ணு கேக்கணும். ஆறடி நீளத்துக்கு ஒரு பொருளு. மடக்க முடியாது, சாய்க்கவும் கூடாது. நேரா, ஆடாம, நாலு பேரு தூக்கிக்கினு போனா இந்தக் கதவு வழியா போவுமா?

— உள்ளேயா, வெளியேயா?

— ரெண்டுந்தான்.

— போகும். துரையோட கொசுவலைக் கட்டில் நுழையணும்னு அகலமா வெச்ச கதவு. அம்மா, நீங்க அந்த ஜன்னலைப் பாத்துண்டிருங்கோ. மோகன்ராஜ், இங்கே வா. கேட்டியா? ஆறடி, மடக்க முடியாது, நாலு பேர் தூக்கணும். உத்தரத்தை அறுத்து எடுத்துண்டு போறதுக்கு வழி கேக்கறா.

— எனக்கே இப்ப கொஞ்சம் பேஜாரா இருக்கு டீச்சரம்மா. சரி, கிழக்கு ரூமையும் காட்டிட்டு அனுப்பிடலாம். அந்த வெளிச்சத்த மட்டும் சொல்லாதீங்க.

— சொல்லுவேன். மரத்துக்கு வந்தவளா இருந்தா பயந்துண்டாவது போகட்டும். இப்படி வாங்கோ சின்னப்பொண்ணு, இதுதான் கிழக்கு உள். இதுல ஒரு குறை இருக்கு. மேலே பாருங்கோ.

— இன்னாம்மா அது? கூரைல எதோ ஓடுது!

— ஜன்னலுக்கு வெளியே ஒரு கல்தொட்டி. துரையோட குதிரைக்கு வெச்சது. காலை வெய்யில் சாய்வா வந்து தண்ணியில படும். தண்ணி கண்ணாடி மாதிரி அதை மேலே திருப்பி விடும். சுவத்து உச்சியில இருக்கே சின்ன ஜன்னல், அது வழியா உள்ளே வந்து கூரையில விழறது. தண்ணி அசைஞ்சா வெளிச்சம் அசையும். ஒரு காக்கா வந்து குடிச்சாக்கூட இங்கே அலை ஓடும்.

— காக்கா குடிக்கறது உள்ள இருந்துக்கினே தெரியுமா?

— காக்காவா, அணிலான்னு கூடச் சொல்லலாம். அணில் குடிச்சா சின்னதா நடுங்கும். பழகினா மேகம் போறது, காத்து எந்தப் பக்கம் அடிக்கறது எல்லாம் தெரியும். சில பேருக்குத் தொந்தரவா இருக்கும். அதான் குறைன்னேன்.

— வேணாம்னா?

— இந்தக் கயிறைப் பிடிச்சு இழுங்கோ. பாத்தேளா, மேல் ஜன்னல் மூடிண்டது. சட்டத்துக்கு நடுவுல அச்சு வெச்சிருக்கா. பாதி வெளியே போனா பாதி உள்ளே வரும். ரெண்டு பக்கமும் ஒரே எடை, அதனால ஒரு விரலால இழுத்தாப் போதும்.

— படுத்துக்கினே இழுக்கலாமா?

— கயிறை நீட்டி விட்டா இழுக்கலாம். இன்னொரு தரம் இழுத்தா, இதோ, திறந்துண்டது. என்ன, திரும்பத் திரும்ப படுத்தா, படுத்தான்னு... ஐயோ, இதென்ன தரையில படுக்கறேள்? பெருக்கக்கூட இல்லை!

— பரவால்லம்மா. போனையும் இப்டி பக்கத்துல வெச்சுக்கறேன். கொஞ்சம் கம்முனு இருங்க, பாக்கறேன்.

— போதும். எழுந்திருங்கோ. நேராவே கேக்கறேன். நீங்க மரத்துக்குத்தானே வந்திருக்கேள்?

— மரமா? இன்னா மரம்?

— உத்தரம். வந்ததுலேர்ந்து மேலேதான் பாக்கறேள். உதிருமான்னு கேட்டேள், ஆறடி வெளியே போகுமான்னு கேட்டேள், போனை மல்லாத்தி மல்லாத்திப் படம் எடுக்கறேள். யார் அனுப்பினா உங்களை? அந்த மர வியாபாரிதானே?

— எந்த வேபாரியும் இல்லம்மா. ஐயோ, நீங்க அப்டியா நெனைச்சுக்கினீங்க?

— பின்ன எதுக்கு மேலேயே பாத்தேள்?

— எங்க ஊட்டுக்காரரு படுத்துக்கினு இருக்காரும்மா. நெல்லு அறுக்கற மிசினு மேல இருந்து உழுந்தாரு. இடுப்புக்குக் கீழ ஒண்ணியும் இல்ல. மல்லாக்கத்தான் படுக்கணும்.

— அப்போ மேலே பாத்ததெல்லாம் அவருக்காகவா?

— நாம ஊடுன்னா தரைய பாக்கறோம், செவுத்த பாக்கறோம். அவருக்கு ஊடுன்னா மேல இருக்கறதுதான்மா. இப்ப இருக்கற ஊட்ல சிமென்ட்டு ஷீட்டு. காலைல சாம்பக் கலரு, சாயங்காலமும் சாம்பக் கலரு. மத்தியானம் ஆனா அனல் இறங்கும். காலமெல்லாம் பயிரப் பாத்துக்கினு இருந்த மனுசன் அத்தப் பாத்துக்கினு கெடக்காரு. நெலம் வித்த டப்புல இன்னா வேணும்னு கேட்டேன். எதுனா நல்லதா பாக்கணும்னாரு. அவ்ளோதான் கேட்டாரு.

— அந்த ஆறடி?

— அவரு கட்டிலும்மா. தூக்கிக்கினு போனா ஆடக்கூடாதுன்னு டாக்டரு சொல்லிருக்காரு.

— முன்னாடியே சொல்லக்கூடாதோ?

— வாடகைக்குக் கேக்கும்போது சொன்னேன்மா. வேப்பம்பட்டுல ஒருத்தரு, இந்த ஊர்லயே ஒருத்தரு. படுத்த ஆளு ஊட்டுக்கு ஆவாதுன்னு கதவச் சாத்திட்டாங்க. நீங்க சாமி கும்புடற ஊடு. இன்னும் மோசமா நெனைச்சுக்குவீங்கன்னு வாயத் தொறக்கல.

— இந்த ஊர்லயா அப்படிச் சொன்னா?

— ஆமாம்மா.

— படுத்துண்டிருக்கறவரைப் பாக்க அமாவாசைக்கு அமாவாசை கூட்டம் தாங்காத ஊர்ல, படுத்தவர் ஆகாதுன்னு சொன்னாளா! அப்படிச் சொல்றதுக்கு வெக்கமா இல்லையா அவாளுக்கு?

— டீச்சரம்மா, உங்க ரூலு இன்னா ஆச்சு?

— தப்பிடுத்துடா. நன்னாத் தப்பிடுத்து. சின்னப்பொண்ணு, உங்களைப் போய் என்னென்னமோ நினைச்சுட்டேன். மனசுல வெச்சுக்காதீங்கோ.

— இதுல இன்னாம்மா இருக்குது? நீங்க சொல்லச் சொல்ல எனக்குப் பாதி பாரம் எறங்கிப்போச்சு. கல்ல ஏன் நிறுத்தி வெச்சான், காத்து ஏன் இழுக்குது... அவருக்கு இதெல்லாம் உசுரு. மோட்டாரு ஓடலன்னா கழட்டிப் பாத்துட்டுத்தான் சோறு துன்னுவாரு.

— மோகன்ராஜ், ரகுராமுக்கு போன் போடு. சாயங்காலம் வரைக்கும் எதுக்குக் காத்துண்டிருக்கணும்? அந்த வியாபாரிகிட்ட வேற உத்தரம் பாத்துக்கச் சொல்லு.

— இன்னும் வெலயே பேசல டீச்சரம்மா!

— அது உன் வேலை, நீ பேசு. நான் ஒரு வருஷமா என் வேலையைப் பாத்துட்டேன். சின்னப்பொண்ணு, ஒண்ணு மட்டும். சுவத்துல சிமெண்ட் பூசக் கூடாது. சுண்ணாம்பு எப்படிக் கரைக்கறதுன்னு நான் ஒரு நாள் வந்து...

— வாங்கம்மா. பொறுமையா சொல்லுங்க. அவரே கேட்டுக்குவாரு, வேற வேலை இல்ல.

— அது சரி, அந்தப் படமெல்லாம் அவருக்குத்தான் அனுப்பினேளா?

— படம் எங்கம்மா எடுத்தேன்? கேட்டாண்ட நுழையறப்பவே வீடியோ கால் போட்டுட்டேன். அப்பருந்து லைன்லதான் இருக்காரு. அவரு எப்டிப் படுத்துக்கினு பாப்பாரோ அப்டியே தெரியட்டும்னுதான் கீழ கீழ வெச்சேன். பேசக்கூடாதுன்னு சொல்லி வெச்சிருந்தேன்.

— அப்போ அந்த இருமின புறா?

— அவருதான்.

— ஐயோ பெருமாளே! செங்கல், புகைக்கூண்டு, ரிஷி கதை, எல்லாத்தையும் கேட்டுண்டா இருந்தார்?

— ஒண்ணு வுடாம கேட்டுக்கினு இருந்தாரு. யோவ், போதும்யா ஊமை வேசம். அம்மா நிக்கறாங்க, ஊடு புடிச்சிருக்குதா இல்லியான்னு நீயே வாயத் தொறந்து சொல்லு.

— கும்புடறேன்மா, ஆதிநாராயணன் பேசறேன். நாஷ்டா துன்னாச்சு, இனிமே படுக்கணும். எந்த உள்ளு?